அம்மா வாங்கிய பத்து

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

போனில் சொல்லாமல் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு மன்னியுங்கள். போன் என்றால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள். விஷயமே அவளைப் பற்றியது.

கல்லூரியில் சேரப் போன அன்று, "அப்பா என்ன படிச்சிருக்கார்?" என்று கிளார்க் கேட்டதும் நான் தரையைப் பார்த்தேன். "அவர் படிக்கல. அதான் இவ படிக்க வந்திருக்கா" என்றீர்கள். அந்தப் பதிலால்தான் இன்று ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிறேன். நேரில் நன்றி சொல்ல எனக்கு வாய் வராது, எழுத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

என் வேலை வலியை அளப்பது. கைக்கடக்கமான கருவி, நுனியில் சட்டைப் பொத்தான் அளவு ரப்பர். தசையில் வைத்து மெல்ல அழுத்துவேன், திரையில் எண் ஏறும். அழுத்தம் வலியாக மாறும் நொடியில் அவர்கள் "இப்போ" என்று சொல்ல வேண்டும். பெரும்பாலோர் நாலு கிலோவில் சொல்லிவிடுவார்கள்.

மூன்று மாதமாக அம்மாவால் வலது கையைத் தூக்கித் தலைசீவ முடியவில்லை. சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை தூக்கிய தோள். கெஞ்சி அழைத்துப்போய் அழுத்தினேன். மூன்று, ஐந்து, ஏழு. அம்மா சிரித்துக்கொண்டே இருக்கிறாள், கண்ணில் மட்டும் தண்ணீர். "வலிக்குதாம்மா?" "நீ பாட்டுக்குப் பண்ணு கண்ணு." பத்தோடு கருவி நின்றுவிட்டது, அதற்குமேல் அதில் எண்ணே கிடையாது. கருவி கெட்டுவிட்டதென்று எங்கள் மேடம் அதை வாங்கித் தன் தோளில் அழுத்தி, மூன்றிலேயே "அம்மாடி!" என்று கத்தினார். கருவி நன்றாகத்தான் இருக்கிறது. வெளியே வந்தால் அம்மா, வரிசையில் இருந்த ஒரு அக்காவிடம், "உங்களுக்கு நாலுதானா? பரவால்ல, அடுத்த தடவ பாத்துக்கலாம். எம்பொண்ணு எனக்குப் பத்துக்குப் பத்து வாங்கிக் குடுத்தா" என்கிறாள்! "இது என் பரீட்சை இல்லம்மா" என்றேன். "தெரியும் தெரியும், அந்த மேடம் பக்கத்துலயே நின்னு பாத்துட்டுத்தான இருந்தாங்க" என்று கண்ணடித்தாள்.

உண்மையான எண் கிடைத்தால்தான் சிகிச்சை தொடங்குவார்களாம். செவ்வாய்க்கிழமை மறுபடி அளக்க வேண்டும். நீங்கள் கவலைப்படாதீர்கள், நான் சமாளித்துக்கொள்வேன். பெரியப்பாவுக்கு என் வணக்கம்.

என்றும் உங்கள் அன்பில் நிற்கும்,
தங்கை மகள்

பின்குறிப்பு: என்னால் சமாளிக்க முடியாது. அக்கா நீங்கள் சொன்னால்தான் அம்மா கேட்பாள். செவ்வாய்க்கு முன்னால் ஒரு நடை வர முடியுமா? எண் குறைந்தால்தான் எனக்கு மார்க் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், தொடுவதற்கு முன்பே கத்திவிடுவாள். "உம்பொண்ணு எப்பவோ பாஸாயிட்டா. இனிமே உனக்கு வலிக்கலாம்" என்று சொல்லுங்கள், போதும்.