முன்வரிசையில் சிரிக்காதவர்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் நலத்தைச் சுவரொட்டிகளில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

சனிக்கிழமை நிகழ்ச்சிக்கு என்னால் வர இயலாது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதம். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "ஏன்ப்பா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

படங்களில் நடிக்கப் போன பிறகு இப்போதுதான் பழைய சின்ன அரங்குக்குத் திரும்பி, தனியாக நின்று நகைச்சுவை பேசப் போகிறாய். "இப்பல்லாம் நான் மைக்கைத் தொட்டாலே சிரிக்கிறாங்கப்பா. ஜோக் நல்லாருக்கா இல்லையான்னே தெரியல. பயமா இருக்கு. நீங்க வந்து முன்னாடி உக்காருங்க. நீங்க ஒரு தடவை சிரிச்சாப் போதும், எனக்கு இன்னும் வருதுன்னு நம்பிடுவேன்" என்றாய். அன்று முதல் எனக்குத் தூக்கமில்லை.

ஏனென்றால் உன் நிகழ்ச்சிகளில் நான் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. "அதோ, எங்கப்பா. அச்சாபீஸ்ல பிழை திருத்தினவரு. என் ஜோக்லயும் அதைத்தான் தேடிட்டிருக்காரு" என்று நீ கை காட்டுவாய், அரங்கம் அதிரும். நான் பிழை தேடவில்லையப்பா. பின்னால் இருப்பவர்கள் சிரிக்க வேண்டுமே என்று காதைப் பின்பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தக் கவலையில் மனிதன் எப்படிச் சிரிப்பான்?

சரி, பழகிப் பார்க்கலாம் என்று குளியலறைக் கண்ணாடி முன் நின்று சிரித்தேன். முதலில் மெதுவாக, பிறகு படிப்படியாகச் சத்தமாக. மாடிவீட்டுத் தையல்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டினார். "அக்கா, சார் அழுற சத்தம் கேக்குதே, என்ன சொன்னீங்க?" "நான் எதுவும் சொல்லலையே, காலையிலேர்ந்து வாயே திறக்கல" என்றாள் உன் அம்மா. "அப்ப ஆனந்தக் கண்ணீரா இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

உன் படத்தைப் பார்த்தாலாவது சிரிப்பு வருமோ என்று திரையரங்குக்குப் போனேன். அதில் நீ செத்துப்போவாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பக்கத்து இருக்கை அம்மாள் தேம்பித் தேம்பி அழ, எனக்கு மனசு கேட்கவில்லை. "அழாதீங்கம்மா, அவன் நல்லாத்தான் இருக்கான், காலையிலகூட போன்ல பேசினான்" என்றேன். காது மந்தமான பிறகு என் குரலின் அளவு எனக்கே தெரிவதில்லை, எல்லோருக்கும் கேட்டுவிட்டது. பின்னாலிருந்து ஒருவர், "பெரியவரே, அப்ப அவரை எழுந்திரிக்கச் சொல்லுங்க, இன்னும் பாதிப் படம் இருக்கு!" என்றார். திரையில் நீ பிணமாகக் கிடக்கிறாய், அரங்கமே விழுந்து விழுந்து சிரிக்கிறது. எவ்வளவு உழைத்து இறந்திருப்பாய்! அவ்வளவும் என்னால் பாழ்.

சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கத் தெரியாதவன், அழ வேண்டிய இடத்தில் ஊரைச் சிரிக்க வைப்பவன். இப்படிப்பட்ட ஆளை எதிரே வைத்துக்கொண்டு நீ பேச வேண்டாம். பொய்யாகச் சிரித்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய், சிரிக்காவிட்டால் நொந்துபோவாய். என் நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வை.

மேடையில் நாக்குக் குழறாமலும், திரையில் அடிக்கடி சாகாமலும், நீ நீடூழி வாழ அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: பழக்கதோஷம், உறையில் போடுமுன் பிழை பார்க்க ஒருமுறை படித்தேன். தையல்காரர் வந்த இடத்தில் லேசாக ஆரம்பித்தது. "எழுந்திரிக்கச் சொல்லுங்க" என்ற இடத்தில் அடக்க முடியவில்லை. அம்மா "ஐயோ, நெஞ்சு வலிக்குதா?" என்று ஓடி வந்தாள். சனிக்கிழமை வருகிறோம். என் நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிடாதே. இதில் உள்ளதையெல்லாம் மேடையில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தையல்காரரை முன்னால் சொல், பிணத்தைப் பின்னால் சொல். வரிசை மாறினால் நான் சிரிக்கமாட்டேன்.