அடிக்குறிப்பைக் காணோம் என்றார் ஆதாரம் பாய்

ஆதாரம் பாயிடம் "இன்று மழை வரும்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தவன் மும்பையில் எவனும் கிடையாது. "யாரு சொன்னா? எங்க போட்டிருக்கு?" என்று பிடித்துக்கொள்வார். தாராவியில் தோல்பைப் பட்டறை வைத்திருக்கிறார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நிஜப் பெயரை ஊரே மறந்துவிட்டது. "மாப்பிள்ளை தங்கமான பையன்" என்ற கல்யாணத் தரகரிடம் அவர் ஆதாரம் கேட்டதில் ஒரு சம்பந்தமே முறிந்துபோனதாகப் பேச்சு. இதற்கு என்னிடம் ஆதாரமில்லை.

இணையத்தில் இருக்கும் இலவசக் கலைக்களஞ்சியத்தில் எழுதப் போய்த்தான் இந்த வியாதி தொற்றியது. அங்கே யாரும் எழுதலாம், திருத்தலாம், காசில்லாமல் படிக்கலாம். ஆனால் எழுதியதற்கெல்லாம் அடிக்குறிப்பில் ஆதாரம் காட்ட வேண்டும். பாய் எடுத்துக்கொண்ட தலைப்பு மூட்டைப்பூச்சி. தன்னைத் தூங்கவிடாத ஒன்றைப் பிடித்து, கண்ணாடி டம்ளரில் போட்டு, தானே படமெடுத்து ஏற்றினார். "கடிச்சவன் மூஞ்சி உலகத்துக்குத் தெரியணும்வே" என்றார்.

மாதுங்காவில் ஒரு மண்டபத்தில் புதிய செயலி ஒன்றின் அறிமுகக் கூட்டம். விஷயம் அதே கலைக்களஞ்சியம்தான். எழுத்து பெரிது, பின்னணி இளநீலம், அதற்கு மாதச் சந்தா. பாயைக் கூட்டிக்கொண்டு போனவன் நான்தான்.

"எந்தத் தலைப்பு வேணும்னாலும் கேளுங்க" என்றார் மேடையிலிருந்த டீஷர்ட் இளைஞர்.

பாய் எழுந்தார். "மூட்டைப்பூச்சி."

திரையில் பாய் எழுதிய வரிகள் அப்படியே வந்தன. படம் மட்டும் வேறு. சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த அழகான பொறிவண்டு!

"தம்பி, இது பொறிவண்டுல்லா?"

"பழைய படம் கொஞ்சம் அருவருப்பா இருந்தது அங்கிள். படிக்கிறவங்க பயந்துடுவாங்க."

"பயப்படட்டும்! அதுக்குத்தானய்யா போட்டேன்! சரி, அடிக்குறிப்பு எங்க? எழுதினவங்க பேரு? திருத்துத பட்டன்?"

"அதெல்லாம் எடுத்துட்டோம். க்ளீன் லுக். அடிக்குறிப்பை யாரு அங்கிள் படிக்கிறாங்க?"

மண்டபம் சிரித்தது. எனக்கே ரத்தம் கொதித்தது. பாய் மேடையை நோக்கிக் கையை நீட்டினார்.

"விக்கியளா, நல்லா வில்லுங்க. யாரும் விக்கலாம்னு சம்மதிச்சுத்தான் நாங்க எழுதுதோம். எங்கேர்ந்து எடுத்ததுன்னு சொல்ல வேண்டாமா? தப்பு இருந்தா ஒருத்தன் எங்க போய்த் திருத்துவான்? கதவை அடைச்சுப்புட்டு வாசல்ல கோலம் போட்டிருக்கியளே!"

"அரே பாய், பைட் ஜாவ்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு அதட்டல். அவர் உட்காரவில்லை; வெளியே நடந்தார். நானும்தான். கைதட்டல் செயலிக்குக் கிடைத்தது.

பிறகு பாய் யுத்தத்தில் இறங்கினார். சந்தா கட்டியவர்கள்தான் புகார் எழுதலாமாம்! என்ன அக்கிரமம்! தான் எழுதியதைக் குறைசொல்ல, தானே சந்தா கட்டினார் அந்த மனிதர். லோக்கல் ரயிலில் யார் கையில் இளநீலத் திரையைக் கண்டாலும், "இது ஓசியிலயே கிடைக்கு, இங்க பாருங்க" என்று அந்தக் கைப்பேசியை எட்டிப் பிடிப்பார். தாதரில் ஒருவர் திருடன் என்று நினைத்து "சோர்! சோர்!" என்று அலற, போலீஸ்காரர் வந்துவிட்டார். பாய் அவரிடமும் தன் டம்ளர் படத்தைக் காட்டினார். அவர் உற்றுப் பார்த்து, "இது எங்க வீட்டுலயும் இருக்கு" என்று மராட்டியில் அலுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மழை நாளில், தொப்பலாக நனைந்து திலக் நகரில் என் வீட்டுக்கு வந்து நின்றார்.

"சேத்துட்டானுவவே! அடிக்குறிப்பைச் சேத்துட்டானுவ!"

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். கட்டுரையின் அடியில், இளநீலத்தின்மேல் இன்னும் கொஞ்சம் இளநீலமாக ஏதோ ஒரு தூசி.

"இதுவா? இதை எறும்புதான் படிக்க முடியும் பாய்! பொறிவண்டையும் எடுக்கலையே! திருத்துற பட்டனும் இல்லையே!" என்று கத்தினேன்.

"அதுக்கும் எழுதியாச்சு" என்றார், தலையைத் துவட்டிக்கொண்டே. "நீரு ஏன் கோவப்படுதீரு? காப்பி போடச் சொல்லும்."

குடையோடு ஸ்டேஷன் வரை கூடப் போனேன். வந்த வண்டிகளையெல்லாம் விட்டுவிட்டு, பொறிவண்டுக்கும் மூட்டைப்பூச்சிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு குர்லா வண்டியில் ஏறிக்கொண்டார். அதையும் விட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.