கீழ்ப் பெட்டிக் கேமரா

நான் யாரையும் லேசில் நம்பமாட்டேன். இதை ஒரு குறையாக நினைத்து மெலிந்த குரலில் சொல்லவில்லை. எங்கள் பிழைப்பு அப்படி. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி வாங்கி வெளியூருக்கு லாரி ஏற்றுகிற குடும்பம் நாங்கள். அங்கே பெட்டியின் மேல் வரிசைத் தக்காளி எல்லாம் பெண் பார்க்கப் போகும் மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருக்கும். சங்கதி எல்லாம் அடியில்தான். அதனால் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்காமல் விலை பேச மாட்டோம். விற்கிறவர் எந்தப் பெட்டியை ‘எடுங்க, எடுங்க’ என்கிறாரோ, அது பொழுது சாய்வதற்குள் அழுகப் போகிற பெட்டி. இதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். (எனக்குப் பெண் பார்த்தபோது தரகர் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டார் என்பதற்காகவே பதில் சொல்லாமல் மாதக்கணக்கில் இழுத்தடித்தோம். என் மனைவி லில்லி அதை இன்னும் மறக்கவில்லை.)

இந்தச் சட்டத்தைக் கேமராக் கடைக்குள் கொண்டு போனதுதான் நான் செய்த காரியம்.

என் அக்கா ஸ்டெல்லாவின் மகள் ஜெனிஃபருக்குப் புதுநன்மை வந்தது. பிள்ளைகள் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். எங்கள் ஆட்களுக்கு அது அரைக் கல்யாணம். அவள் அப்பா, அதாவது ஆரோக்கியம் மச்சான், குவைத்தில் வேலை பார்க்கிறார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பூசை நடக்கும் நேரத்தில் அவருக்கு வேலை. போனைத் தொடக்கூட விடமாட்டார்களாம்.

“மாப்ள, எம்புள்ள நன்மை வாங்கறத நான் பாக்கணும்டா,” என்றார் போனில். “செல்லுல எடுத்தா ஆடி ஆடி வருது. நல்ல கேமராவா ஒண்ணு எடு. போட்டோவும் வேணும், வீடியோவும் வேணும். புதுசா பழகறவன் கையில நிக்கற மாதிரி பாரு. பின்னால ஊட்டு விசேசத்துக்கெல்லாம் ஆகும்.”

அவர் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. “நான் பாத்துக்கறேன் மச்சான்,” என்றேன். போனை வைத்த உடனே சந்தேகம் வந்துவிட்டது.

யூடியூபில் கேமராவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே பேசினார்கள். கம்பெனியில் ஏதோ வாங்கியிருக்கிறார்கள் என்று தள்ளினேன். எங்கள் ஊர்க் கல்யாண போட்டோக்காரரைக் கேட்டேன். “எதுக்கு நீங்க சிரமப்படறீங்க? நானே வந்து எடுத்துத் தர்றேன்,” என்றார். பார்த்தீர்களா, தொழிலுக்குப் போட்டி வந்துவிடுமோ என்கிற பயம்! அவரையும் தள்ளினேன். கடைசியில் தர்மபுரி டவுனில் ஒரு பாய் கடைக்குப் போனோம். கூட லில்லி.

பாய் வாசலிலேயே, “வாங்க தம்பி, வாங்கம்மா. டீ சாப்பிடறீங்களா?” என்றார்.

சாமான் பார்ப்பதற்கு முன் டீ. என் இடது கண் துடித்தது.

எதற்கு எடுக்கிறோம், யார் எடுக்கப் போகிறார்கள், கோவிலுக்குள் வெளிச்சம் எப்படி இருக்கும் என்று பொறுமையாகக் கேட்டார். (இவ்வளவு விசாரிப்பவர் சும்மா விசாரிப்பாரா?) பிறகு இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார்.

“ரெண்டுமே டிஎஸ்எல்ஆர்தான். இதுல ஸ்கிரீனை இப்படி வெளிய திருப்பிக்கலாம். வீடியோ ஓடறப்ப ஆள் நகந்தா தானா ஃபோகஸ் பண்ணிக்கும். தனி மைக் சொருகலாம். உங்களுக்கு இதான் சரி. அந்த இன்னொண்ணு போட்டோவுக்கு அருமையான சாமான். ஆனா வீடியோவுக்கு வேணாம் தம்பி. மைக்குக்கு இடமில்ல. கேமராவப் புடிச்சிருக்கறவரு பேசற பேச்சுதான் பெருசா விழும்.”

‘இதான் சரி’ என்றார் அல்லவா? முடிந்தது. மேல் வரிசைத் தக்காளி.

“அந்த வேணாங்கறதையே குடுங்க,” என்றேன்.

லில்லி என் காலை மிதித்தாள். பாய் என்னைப் பார்த்தார், பிறகு லில்லியைப் பார்த்தார். “சரி, உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. எந்த டிஎஸ்எல்ஆரா இருந்தாலும் வீடியோ போட்டா, கண்ண வெச்சுப் பாக்கற இந்த ஓட்டை இருட்டாயிடும். உள்ள ஒரு கண்ணாடி மேல தூக்கிக்கும். பயந்துடாதீங்க. பின்னாடி ஸ்கிரீன்ல பாத்துத்தான் எடுக்கணும்.”

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! கெட்டுப் போகப் போவதை முன்கூட்டியே சொல்லி, ‘அது அப்படித்தான்’ என்று வழியை அடைத்துவிடுகிறார். பார்க்க வைத்த ஓட்டை ஏன் இருட்டாக வேண்டும்?

அவர் அடுக்கில் மேலே இருந்த பெட்டியை எடுத்தார். “கீழ இருக்கறது,” என்றேன். “எல்லாம் ஒண்ணுதான் தம்பி,” என்றார். “கீழ இருக்கறது,” என்றேன். அடுக்கு முழுவதையும் இறக்கிக் கீழ்ப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். பிரித்துக் காட்டவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பிரிக்கும் சாக்கில் லென்சை மாற்றிவிட்டால்? வாழ்நாள் முழுக்கப் பெட்டியைக் கவிழ்த்தவன், கவிழ்த்துக் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னபோது வேண்டாம் என்றேன். டீயையும் குடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தும் பெட்டியைப் பிரிக்கவில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் சீல் உடைந்திருக்கக் கூடாது அல்லவா? புதுநன்மை அன்று காலையில்தான் பிரித்து சார்ஜ் போட்டேன். ஸ்கிரீனில் கீறல் விழுந்தால் பாய் அதைச் சாக்காக வைத்துத் திருப்பி வாங்கமாட்டார் என்று, அதன்மேல் நாளிதழை மடித்து, நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன்.

“ஸ்கிரீன்ல பாத்து எடுக்கணும்னாருங்க அவரு,” என்றாள் லில்லி.

“அவரு சொல்லுவாரு.”

கோவிலுக்குள் போனதும் அடுத்த ஏற்பாடு. சொந்தக்காரர்கள் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றால் என் வீடியோவை மறைப்பார்கள். அது மட்டுமா? நான் எடுத்ததை மச்சானுக்கு அனுப்புவதற்குள் அவர்கள் ஸ்டேட்டஸில் போட்டுவிடுவார்கள். அதனால் கதவருகே நின்று ஒவ்வொருவராகப் பிடித்து, “ஜெனிஃபர எடுக்க நான் ஒருத்தன் போதும். எல்லாரும் செல்ல உள்ள வைங்க,” என்று கறாராகச் சொல்லிவிட்டேன். தொப்பூரிலிருந்து வந்த பெரியப்பா மகன் முனகிக்கொண்டே பைக்குள் போட்டான். ஆக, அன்று ஜெனிஃபரைப் பார்த்துத் திறந்திருந்த ஒரே கண் என் கேமராதான்.

பாட்டு ஆரம்பித்தது. விசையை வீடியோவுக்குத் தள்ளிவிட்டு ஓட்டையில் கண்ணை வைத்தேன். கும்மிருட்டு.

பாய் ஏமாற்றிவிட்டார்! எனக்கு ஒரு பக்கம் வயிறு எரிந்தது. இன்னொரு பக்கம், சொன்னால் வெட்கக்கேடு, நான் நினைத்தது சரியாகப் போனதில் ஒரு திருப்தி. கையில் அகப்பட்ட பொத்தான்களை எல்லாம் அழுத்தினேன். வெளிச்சம் வரவில்லை. சரி, அணைந்துவிட்டது, கொஞ்ச நேரம் கழித்துப் பார்ப்போம் என்று கழுத்தில் தொங்கவிட்டு, தூண் ஓரமாக நின்று லில்லியிடம் மனதில் உள்ளதை எல்லாம் கொட்டினேன்.

பிள்ளைகள் நன்மை வாங்க வரிசையில் நடக்கத் தொடங்கியபோது பதறிப் போய், எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் விசையை மறுபடி தள்ளினேன். ஓட்டையில் பளிச்சென்று வெளிச்சம்! வேலை செய்கிறது! பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். ‘டிக்’ என்றது. வீடியோ ஓட ஆரம்பித்துவிட்டது என்று கல்லுப்பிள்ளையார் மாதிரி அசையாமல் நின்றேன். ஜெனிஃபர் வெள்ளை கவுனில் வந்தாள், கை கூப்பினாள், நன்மை வாங்கினாள், கண்ணை மூடிக்கொண்டு திரும்பினாள். அத்தனையையும் அந்த ஓட்டை வழியாகத் தெளிவாகப் பார்த்தேன். எனக்கே கண்ணில் நீர் கட்டிவிட்டது. மறுபடி ‘டிக்’ என்று அழுத்தி நிறுத்தினேன். பிறகு அடுத்த பாட்டுக்குத் தயாராக விசையை மறுபடி ஒரு தள்ளு தள்ளினேன். மறுபடி இருட்டு. மறுபடி எல்லாப் பொத்தான்களும். மறுபடி கழுத்தில்.

சாயங்காலம் அக்கா வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். மச்சான் வேலை முடிந்து வீடியோ காலில் வந்துவிட்டார். அவர் முகம் இருந்த போனை ஒரு நாற்காலியில் சாய்த்து, டிவியைப் பார்க்கிற மாதிரி வைத்தார்கள். குளித்து, சட்டை மாற்றி, தலை சீவி உட்கார்ந்திருந்தார்.

முதல் வீடியோ. அணைந்துவிட்டது என்று நான் தொங்கவிட்ட கேமரா ஓடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. கோவில் தரை. என் செருப்பில்லாத கால்கள். பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. என் குரல் மட்டும் வீட்டை நிறைத்தது.

“பாய் ஏமாத்திட்டாருடி. அணைஞ்சு போச்சு.”

“சும்மா இருங்க, கோவில்ல வந்து.”

“தொப்பூரான் கைய பாரு, பைக்குள்ளயே இருக்குது. திருட்டுத்தனமா எடுக்கப் போறான்.”

தொப்பூர்க்காரன் பிரியாணி ஏப்பத்தைப் பாதியில் நிறுத்தினான். நான் ரிமோட்டைத் தேடினேன். அது அக்கா கையில் இருந்தது.

“அட, மச்சானுக்கு லீவு கெடைக்கலங்கறதே எனக்கு நம்பிக்கையில்ல. புள்ளயோட புதுநன்மைக்கு எவனாச்சும் லீவு தராம இருப்பானா? டிக்கெட் காசு மிச்சம்னு உக்காந்திருப்பாரு.”

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நாற்காலியில் மச்சானின் முகம் அசையாமல் இருந்தது. நெட் நின்றுவிட்டதோ என்று ஆசைப்பட்டேன். அவர் கண்ணைச் சிமிட்டினார். நெட் நன்றாகத்தான் இருந்தது.

நன்மை வாங்கின இடம் எங்கே என்று அக்கா தேடினாள். வீடியோ இல்லை. அந்த முதல் ‘டிக்’கில் விழுந்த ஒரு போட்டோ இருந்தது: ஜெனிஃபருக்கு முன்னால் நின்ற, யார் வீட்டுப் பையனோ ஒருவன், நாக்கை நீட்டிக்கொண்டு. அவ்வளவு துல்லியம். பாய் பொய் சொல்லவில்லை, போட்டோவுக்கு அருமையான சாமான். இரண்டாவது ‘டிக்’கில் ஒரு தூண்.

கடைசியாக இன்னொரு வீடியோ மிச்சம் இருந்தது. மறுபடி தரை. மறுபடி என் கால். பிறகு எதிரே இரண்டு வெள்ளை ஷூக்கள் வந்து நின்றன. மச்சான் குவைத்திலிருந்து அனுப்பின ஷூக்கள். கவுன் ஓரம் தரையைத் தொட்டது. ஒரு ஷூ மற்றொரு ஷூவின் மேல் ஏறி இறங்கியது.

“மாமா, நான் நன்மை வாங்கிட்டேன். எல்லாம் விழுந்துச்சா? அப்பா பாப்பாருல்ல?”

“எல்லாம் வந்திருக்குது கண்ணு. ஒண்ணு விடாம.”

ஜெனிஃபர் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷம் தக்காளி லாரியில் ஏற்றி என்னை எங்காவது அனுப்பியிருந்தால் கேள்வி கேட்காமல் போயிருப்பேன்.

நாற்காலியிலிருந்து மச்சான் குரல் வந்தது.

“மாப்ள.”

“மச்சான்... நான் சும்மா வாய்க்கு வந்தத...”

“அதெல்லாம் அப்புறம். அந்த ஷூவ மறுபடி போடு.”

போட்டேன். மறுபடி போடச் சொன்னார். அன்று அந்த இரண்டு ஷூக்களும் அந்த டிவியில் எத்தனை முறை வந்து நின்றன என்று தெரியாது. அந்தத் துண்டு இன்னும் அவர் போனில் இருக்கிறது. எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, லீவில் வந்தபோது அவர் பார்த்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

ஆனால் மனுஷன் அந்த இன்னொரு பேச்சையும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் கிறிஸ்துமஸோ கல்யாணமோ, அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றால் அக்காவுக்குச் சொல்வதற்கு முன் எனக்குத்தான் வீடியோ கால் வரும். குடும்பமே ஓடி வந்து என்னைச் சுற்றி நின்றுகொள்ளும். மச்சான் சிரிக்காமல் போனைத் திருப்புவார். பக்கத்தில் ஓர் எகிப்துக்காரர் நிற்பார்.

“மாப்ள, இவருதான் எங்க மேனேஜரு. நீயே கேட்டுக்க.”

அவரும் பழகிவிட்டார். என்னைக் கண்டதும் கையை ஆட்டி, “நோ லீவ், மாப்ள,” என்பார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். ஜெனிஃபர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள். நானும் சிரித்து, அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

(ஆனால் அந்த ஆள் போட்டிருக்கும் சட்டையைப் பார்த்தால் மேனேஜர் மாதிரி தெரியவில்லை.)