சக்கரவர்த்தி சொன்ன யோசனை

ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தான். அவனுக்கு நாலு குதிரை. ராஜா நான்தான். குதிரை நாலும் ரப்பர்.

எங்கள் வீட்டில் நான் திருப்பினால் திரும்புகிற ஒரே ஜீவன் அந்தக் கார்தான். டிவி ரிமோட்கூட என் கையில் இருந்தால் பேட்டரி தீர்ந்த மாதிரி நடிக்கும். ஆகவே, மனைவி லைசென்ஸ் வாங்கி வந்த அன்றே ஒரு சபதம் எடுத்தேன்: உயிரே போனாலும் சாவி போகக் கூடாது.

வெளியுலகத்தில் எனக்கு மரியாதையே வேறு. கார் வைத்திருப்பவர்கள் தங்கள் வண்டிக் குறைகளைக் கொட்டி அழுகிற குழு ஒன்று போனில் இருக்கிறது. அங்கே என் புனைபெயர் 'சக்கரவர்த்தி'. டயர் தேய்ந்தவன், காற்று இறங்கியவன், ஆணி ஏறியவன் எல்லோரும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். என் வண்டி டயரை நான் குனிந்து பார்த்ததில்லை. வைத்தியர் தன் நாடியைத் தானே பிடித்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறார்?

போன வாரம் 'பொறுமைசாலி' என்று ஒரு அம்மாள் எழுதியிருந்தார். "எங்கள் கார் முன்பக்க இடது டயர் உள்பக்கமாக வீங்கியிருக்கிறது. ஸ்டியரிங் உதறுகிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். 'ம்' என்றார். அதோடு சரி."

எனக்கு ரத்தம் கொதித்தது. இப்படியும் ஒரு ஜென்மமா? உடனே பதில் போட்டேன். "அம்மா, முதலில் அந்த ஆளிடமிருந்து சாவியைப் பிடுங்குங்கள். டயர் மாற்றிய பிறகும் கொடுக்காதீர்கள். கொஞ்ச நாள் நடக்கட்டும், புத்தி வரும்." குழுவே கைதட்டியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"ஏங்க, திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துல வேலைக்குச் சேரணும். ரெண்டு பஸ் மாறிப் போறதுக்குள்ள பிள்ளைங்க பாஸாகி மேல் கிளாஸுக்கே போயிடும். வண்டியை நான் எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கோ" என்றேன். ராஜா 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 'ஆனா' என்று சொல்லலாம். "ஆனா, டயர்தான் சரியில்லை."

"எந்த டயர்?"

அவசரத்துக்கு வாயில் வந்து நின்றது பொறுமைசாலியின் டயர்தான்.

"முன்னாடி, இடது பக்கம். உள்பக்கமா வீங்கியிருக்கு. ஸ்டியரிங் வேற உதறுது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே."

"எல்லா வண்டிக்கும் வர்றதுதான்."

"இன்னிக்குக் காலைல அதுலதானே ஆபீஸ் போனீங்க?"

"எனக்குப் பழகிடுச்சு."

"எது, வெடிக்கிறதா?"

"அதில்லம்மா. என் கைக்கு அது அடங்கும். நீ புதுசு. உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? சாவியைக் குடுங்க. டயர் மாத்துற வரைக்கும் யாரும் வண்டியைத் தொட வேண்டாம்."

சொந்த வாயால் ஊதிய வீக்கம். எந்த வாயால் அதை வற்ற வைப்பது? கொடுத்தேன்.

மறுநாள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், தொங்கிய முகத்தோடு திரும்பினேன். வாசலில் கார் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. பக்கத்தில் டயர் கடைக்காரர். எனக்கு வியர்த்தது. 'ஒண்ணுமே இல்லையே சார்' என்று சொல்லப்போகிறார், மானம் கப்பல் ஏறப்போகிறது.

"சார், நீங்க கெட்டிக்காரர்" என்றார் அவர். "இந்த வீக்கம் வண்டிக்கு அடியில தலையை விட்டாத்தான் தெரியும். நீங்கதான் சொன்னீங்கன்னு அம்மா சொன்னாங்க."

டயரைத் திருப்பிக் காட்டினார். நிஜமாகவே, பல்வலிக்காரன் கன்னம் மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது.

"பெரிய ரோட்டுல வேகமா போறப்ப இது வெடிச்சிருந்தா, நாம இப்படி நின்னு பேசிட்டிருக்க மாட்டோம் சார்."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். உலகத்திலேயே பொய் சொல்லி உயிர் பிழைத்தவன் நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன்.

திங்கட்கிழமை காலை. புது டயர் எண்ணெய் தேய்த்த மாதிரி கறுகறுவென்று நின்றது. அவள் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். நான் மறுபக்கக் கதவை இழுத்தேன். பூட்டியிருந்தது.

"ஏம்மா, போற வழிதானே. என்னை ஆபீஸ்ல இறக்கி விட்டுடேன்."

"விடலாங்க. ஆனா, ஒரு பெரிய மனுஷர் வேண்டாம்னு சொல்லியிருக்காரே."

"யாரு அவன்?"

அவள் போனில் எதையோ தட்டினாள். அதைப் பைக்குள் போட்டாள். பெல்ட் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் ஒரு நாய் குறுக்கே வந்தது. வண்டி நின்று, அது நிதானமாகக் கடக்கும்வரை பொறுத்திருந்து, அழகாகத் திரும்பியது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. நான் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை.

அப்போதுதான் என் சட்டைப் பையில் கூவிக்கொண்டிருந்த போனை எடுத்துப் பார்த்தேன். குழுவில் பொறுமைசாலி எழுதியிருந்தார்:

"நன்றி சக்கரவர்த்தி. நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். அவர் இன்று முதல் நடக்கிறார்."

கீழே கைதட்டல்கள் குவிந்துகொண்டிருந்தன. நானும் ஒன்று தட்டிவிட்டு, நடந்தேன்.