நாற்பத்தொரு 'வேண்டாம்'

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை இல்லை. நெருப்பைக் கண்டுபிடித்தவனுக்குப் பேரே தெரியாது. போகட்டும். 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வராத அப்பாவிகளுக்கு அதை இருபத்தொரு நாளிலேயே கற்றுக்கொடுக்க ஒரு கம்பெனி அவதரித்ததே, அதற்காவது நாற்சந்தியில் ஒரு சிலை வைத்துவிடுங்கள் கண்ணுகளா. ஏன் என்று கேட்டால் சரியக்காவின் கதையைச் சொல்லுவேன்.

சரியக்கா தையல்காரி. பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. யார் எதைக் கேட்டாலும் "சரி" என்று சொல்லிச் சொல்லி இந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. நாத்தனார் பதினோரு ஜன்னல் திரைகளைக் கொண்டுவந்து மேசையில் போட்டு, "சும்மா ஓரம் மடிச்சுக் குடுத்தாப் போதும் அண்ணி" என்பாள். அந்தச் 'சும்மா' ஓரத்துக்கு இல்லை, கூலிக்குத்தான் என்பது சரியக்காவுக்கும் தெரியும். தெரிந்தும் "சரி" என்பாள்.

பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் மகளுக்குப் பொறுக்கவில்லை. கம்பெனியின் 'ஆப்'பை அம்மாவின் போனில் ஏற்றினாள்.

"தினம் ஒரு பாடம்மா. ஏழு நாள் இலவசம். பிடிக்கலைன்னா விட்டுடலாம்."

"சரி" என்றாள் சரியக்கா.

பாடங்கள் பிரமாதம். அதிலும் நான்காம் பாடம்: 'காரணம் சொல்லாதீர்கள். சொன்னால் எதிராளி அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஏறிவிடுவார்.' ஏழாம் நாள் நாத்தனார் தலையணை உறைகளோடு வந்தபோது, "வேண்டாம்" என்றாள் சரியக்கா. காய்ச்சலோ என்று நாத்தனார் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உறைகளோடு வீட்டுக்குப் போனாள்.

எட்டாம் நாள் காலை, மாணவியின் வெற்றியைக் கண்டு பூரித்த கம்பெனி, ஓராண்டுச் சந்தாவைத் 'தானாகவே' புதுப்பித்து, அவள் வங்கிக் கணக்கிலிருந்து பணத்தையும் எடுத்துக்கொண்டது. மெஷின் மோட்டார் கருகிப் போய், புதிது வாங்க அவள் சேர்த்து வைத்திருந்த பணம் அது. மேசையில் முப்பது பள்ளிச் சீருடைகள் வெட்டியபடி கிடந்தன. பள்ளி திறக்க இரண்டே வாரம்.

'விலகு' என்ற பொத்தான் இல்லாமல் இல்லை. பதினோராவது பக்கத்தில், எள்ளை விடச் சின்ன எழுத்தில், அடக்கமாக இருந்தது. அழுத்தினால், 'நிச்சயமாகவா?' 'யோசித்துத்தானா?' 'காரணத்தைக் குறிப்பிடவும். கட்டாயம்.' குரு சொன்ன நான்காம் பாடத்தை மீறச் சிஷ்யைக்கு மனம் வரவில்லை. வெற்றிடமாக விட்டாள். பொத்தான் அசையவில்லை.

போன் செய்தாள். எடுத்தது 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு'.

"வணக்கம் மேடம், நான் உங்க மகிழ்ச்சி அதிகாரி. இந்தப் பேச்சு பயிற்சிக்காகப் பதிவாகுது."

"தம்பி, எனக்கு இந்தச் சந்தா வேண்டாம்."

அந்தப் பக்கம் எதையோ தட்டும் சத்தம், டக்.

"அருமை மேடம்! குரல்ல என்ன ஒரு உறுதி! ஏன் வேண்டாம்னு தெரிஞ்சுக்கலாமா?"

"காரணம் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"அது நாலாம் பாடம் மேடம். ஒம்பதாம் பாடத்துல விதிவிலக்கு வருது. அதைப் படிக்கச் சந்தா இருக்கணும்."

"வேண்டாம் தம்பி." டக்.

"பாதி விலையில ரெண்டு வருஷம்?"

"வேண்டாம்." டக்.

"வீட்ல வேற யாருக்காவது?"

"என் நாத்தனாருக்கு மட்டும் கத்துக் குடுத்துடாதீங்க. கூலி கேட்டா 'இல்லை'ங்கறதுல அவ ஏற்கெனவே தேறினவ. எனக்கு வேண்டாம்ப்பா, வேண்டாம்!"

டக், டக்.

"ஹலோ... மேடம்... லைன் சரியில்லை. நீங்க சொல்றது எதுவும் கேக்கலை. நாளைக்குக் கூப்பிடுங்களேன்."

நான்கு நாள் இப்படியே போயிற்று. ஒரு தடவைகூட அந்தப் பிள்ளை குரலை உயர்த்தவில்லை. லைன் சரியில்லை என்றால் பாவம், அவர்தான் என்ன செய்வார்?

அதற்கு மறுநாள் மகள் சொல்லி வங்கியில் ஆட்சேபணை மனு கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து வங்கியில் கூப்பிட்டார்கள். கணக்குப் பிரிவு அம்மாள் கணினியைப் பார்த்தபடி உதட்டைப் பிதுக்கினாள்.

"கம்பெனி பதில் அனுப்பியிருக்குக்கா. நீங்க ரொம்ப ஆர்வமாப் பயன்படுத்துறீங்களாம். சந்தா புதுப்பிச்ச பிறகு மட்டும் இருபத்தாறு தடவை உள்ளே போயிருக்கீங்களாம்."

"வெளிய போற வழியைத் தேடித்தான்மா உள்ள போனேன்!"

"நீங்க வேண்டாம்னு சொன்னதே இல்லைங்கறாங்க. எழுத்துல ஏதாவது ஆதாரம் இருக்கா? வாயால சொன்னதை மனுவோட இணைக்க முடியாதே."

சரியக்காவுக்குக் கண் கலங்கியது. முப்பது பிள்ளைகள் வெட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டா பள்ளிக்குப் போகும்? போனை எடுத்து நீட்டினாள்.

"காலையில அவங்ககிட்டேருந்து ஏதோ வந்துச்சு. பொன் ஓரமெல்லாம் போட்டிருந்துச்சா, விளம்பரம்னு விட்டுட்டேன். பாரும்மா."

வங்கியம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாய்விட்டுப் படித்தாள்:

"பாராட்டுச் சான்றிதழ். நான்கு நாட்களில் எங்கள் மகிழ்ச்சி அதிகாரியுடன் நிகழ்த்திய பயிற்சி உரையாடல்களில், தாங்கள் தெளிவாகவும் தயக்கமின்றியும் நாற்பத்தொரு முறை 'வேண்டாம்' என்று கூறியுள்ளமையை, ஒலிப்பதிவுடன் சரிபார்த்துச் சான்றளிக்கிறோம்."

கீழே தேதி, முத்திரை, கையெழுத்து. எதிலும் குறை இல்லை.

இன்னொரு தடவை படித்தாள். சிரிப்பை அடக்க மேசை இழுப்பறைக்குள் குனிந்து எதையோ தேடினாள்.

"அக்கா, இதை எனக்கு அனுப்புங்க. இருபது வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன், திருடனே கையெழுத்துப் போட்டுக் குடுத்த ரசீதை இப்பத்தான் பார்க்கறேன்."

அடுத்த இரண்டே நாளில் பணம் திரும்பியது. மோட்டார் வந்தது. பள்ளி திறந்த அன்று முப்பது பிள்ளைகளும் முழுச் சீருடையில் போனார்கள். நாத்தனாரின் உறைகள் அவள் வீட்டிலேயே இருக்கின்றன.

ஆகவே சிலை வைக்க மறந்துவிடாதீர்கள் கண்ணுகளா. காதை மட்டும் சற்றுப் பெரிதாகச் செதுக்கச் சொல்லுங்கள். லைன் சரியில்லை, எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டே நாற்பத்தொன்றையும் ஒன்று விடாமல் எண்ணிய காது அது.