இல்லாத சித்தப்பாவின் மகன்

"பேரி! இந்த இராசரத்தினம் உன் சொந்தமா?"

எமிலியானா சிஞ்ஞோரா பத்திரிகையை நீட்டினாள். லண்டன் இருதய டொக்டர் விதுரன் இராசரத்தினம் அதில் சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு மாநாட்டுக்காக இவர்கள் இருக்கும் இத்தாலியின் பலெர்மோவுக்கு வருகிறாராம்.

அவள் வீட்டில் சமைத்து, துடைத்து, துணி மடிக்கும் பேரின்பநாயகத்தின் பத்திரங்களிலும் குடும்பப் பெயர் இராசரத்தினம்தான். அது அவனுடைய அப்பாவின் பெயர். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயரைத் தூக்கி அந்தக் கட்டத்தில் போட்டுவிடுவோம். இதைச் சிஞ்ஞோராவுக்கு விளக்கப்போனால் பொழுது போய்விடும். ஒருவரின் குடும்பப் பெயரைக் கேட்டாலே, அவருடைய தாத்தா வுச்சீரியா சந்தையில் எந்த மூலையில் மீன் விற்றார் என்று சொல்லக்கூடியவள் அவள்.

அதோடு, கொழும்பு லொட்ஜில் காத்திருக்கும் மனைவி கிருசாந்தினியையும் பிள்ளையையும் இங்கே கூப்பிட அவள்தான் பொறுப்பு நின்று கையெழுத்துப் போடவேண்டும். நல்ல குடும்பம் என்று தெரிந்தால்தான் போடுவேன் என்று வேறு சொல்லியிருந்தாள்.

"ஆமாம், சிஞ்ஞோரா. என் சித்தப்பா மகன்."

சொன்ன பிறகுதான் பகீரென்றது. சித்தப்பா மகனென்றால் பின்னால் சித்தப்பாவின் பெயரல்லவா வரும்! நல்லவேளை, அவளுக்கு அது தெரியாது.

"அப்படியா! என் தம்பியும் அந்த மாநாட்டுக்குப் போகிறான். ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூட்டிவரச் சொல்கிறேன்!"

கபோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது கூட்டாளி ஜோக்கிமிடம் அழாக்குறையாகச் சொன்னான்.

"விசரா, கோவம் எண்டு சொல்லன்! கிணத்துப் பங்கிலை சண்டை, ரெண்டு வீடும் கதைக்கிறேல்லை எண்டு சொல்லு. மனுசி தானா விட்டிடும்."

சொன்னான். மனுசி விடவில்லை. கண்கலங்கிச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"கிணற்றுக்காகவா? நாங்கள் ஒரு எலுமிச்சை மரத்துக்காக முப்பது வருடம் பேசாமல் இருந்தோம், பேரி! நானே சமாதானம் செய்து வைக்கிறேன். பாதிரியாரும் வரட்டும்."

"பாதிரியார் வேண்டாம், சிஞ்ஞோரா! அவன் பொல்லாத கோபக்காரன். என்னைக் கண்டால் அடிப்பான்."

"அடிப்பானா? அப்படியென்றால் என் மருமகன்கள் இரண்டு பேரும் வரட்டும்."

ஐயோ கடவுளே! வாயைத் திறக்கத் திறக்க விருந்தாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். 

ஞாயிறும் வந்தது. டொக்டர் உள்ளே நுழைந்ததுதான் தாமதம், துறைமுகத்தில் மூட்டை தூக்கும் தடித்த மருமகன்கள் ஆளுக்கொரு பக்கம் அவரை நெருங்கி நின்றார்கள். பாதிரியார் ஜெபம் சொல்லத் தொடங்கினார். இத்தாலியன் ஒரு சொல்லும் தெரியாத டொக்டருக்கு வேர்த்துக் கொட்டியது.

"இருவரும் கட்டிப்பிடியுங்கள்!" என்றாள் சிஞ்ஞோரா.

டொக்டர் பேரின்பநாயகத்தின் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"அண்ணை, என்ன நடக்குது இஞ்சை? என்னை என்ன செய்யப் போகினம்?"

பேரின்பநாயகம் உடைந்துபோனான்.

"டொக்டர், உங்கடை காலிலை விழுறன். நீங்கள் என்ரை சித்தப்பா மகன் எண்டு பொய் சொல்லிப்போட்டன். பெஞ்சாதி பிள்ளையைக் கூப்பிட இவவின்ரை கையெழுத்து வேணும். ஒருக்காக் கட்டிப்பிடிச்சிட்டுப் போங்கோ! அப்பாமாருக்குப் பேர் ஒண்டு, அவ்வளவுதான். என்ரை அப்பா பதுளையிலை வெறும் ஸ்டேசன் மாஸ்டர்."

டொக்டரின் முகம் மாறியது.

"பதுளையிலையோ? கனகாலமோ?"

"ஓம், பென்சன் எடுக்கும் வரைக்கும் அங்கைதான். தீபாவளிக்கு மட்டும் தவறாமல் யாழ்ப்பாணம் வந்திடுவார்."

டொக்டர் அவன் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு அவனை இழுத்து இறுக்கிக் கட்டிப்பிடித்தார். பாதிரியார் கைதட்டினார். சிஞ்ஞோரா அழுதுகொண்டே பேனாவைத் தேடினாள். டொக்டர் அவன் காதோடு சொன்னார்:

"எங்கடை பதுளை வீட்டிலை அப்பா ஏன் ஒரு தீபாவளிக்கும் நிக்கேல்லை எண்டு இண்டைக்குத்தான் விளங்குது, அண்ணை."