வாடாமல்லி நிறத்தில் ஒரு பனியன்

கூச்ச சுபாவம் உள்ளவன் கடைக்குப் போனால் தேவையானதை வாங்கி வரமாட்டான். கடைக்காரர் எதை முதலில் எடுத்துப் போடுகிறாரோ, அதை வாங்கிக்கொண்டு வருவான். கடிக்கிற செருப்பு, பிடிக்காத நிறத்தில் குடை, காதுவரை இறங்குகிற தொப்பி என்று என் வீட்டில் இருப்பதில் பாதி அப்படி வந்தவைதான். அவற்றோடெல்லாம் எப்படியோ வாழ்ந்துவிட்டேன். ஒரு பனியன்தான் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

இரண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருடம் இருக்கும். பத்தாவதோடு படிப்பை முடித்துக்கொண்டு, உத்திரமேரூர் பஜாரில் ஓர் உரக்கடையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அபுதாபியிலிருந்து அன்வர் பாய் திரும்பி வந்தார். அங்கே டிரைவர் வேலையோடு ஜியு-ஜிட்சு என்ற பிரேசில் நாட்டு மல்யுத்தத்தையும் கற்றிருந்தார். தன் குடும்பத்தின் காலி அரிசி மண்டியில் ரப்பர் பாய்களை விரித்து (அவற்றை 'மேட்' என்பார்) எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அடி உதை கிடையாது. எதிராளியைக் கீழே தள்ளி, மேலே ஏறி, கையையோ காலையோ முறுக்கி, அவன் தோற்றேன் என்று தரையைத் தட்டும்வரை விடக்கூடாது. முடிந்ததும் அவனையே கட்டிப்பிடித்து மரியாதை செய்ய வேண்டும். முதலிலிருந்து கடைசிவரை ஒரு வார்த்தை பேசத் தேவையில்லாத விளையாட்டு. (வேறு எதற்காக நான் சேர்ந்திருப்பேன்?)

அதே சமயம் மாகறலில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா முருகேசன் எங்கள் வீட்டுக்கு வந்து, "இன்னா வேல பாக்குற நைனா?" என்று கேட்டார். நான் என் அம்மாவைக் கை காட்டினேன். "எவ்ளோ நாளா?" என்றார். மறுபடியும் அம்மாவைக் காட்டினேன். அவர் எழுந்து போகும்போது வாசலில் அம்மாவிடம் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

"புள்ள வாயே தொறக்கல. கை காலாச்சும் வெளங்குமாம்மா?"

அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம மண்டில குஸ்தி போடறான். வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு அன்வர் பாய் ஊருக்குக் காட்சிப் போட்டி வைத்திருந்தார். எனக்கோ மாகறலில் போய்ப் பார்த்த அந்தப் பெண், செல்வியைப் பிடித்திருந்தது. (அவள் காபி கொண்டுவந்தபோது அவள் கால் விரல்களை மட்டும்தான் பார்த்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.) ஆக, ஞாயிற்றுக்கிழமை என் கை கால் விளங்கியாக வேண்டும்.

அன்வர் பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "எல்லாரும் ராஷ் கார்டு போட்டுக்கினுதான் மேட்ல ஏறணும். தொளதொளன்னு சட்ட போட்டா எதிராளி வெரலு மாட்டிக்கினு ஒடியும். வெறும் ஒடம்புன்னா மேட்டு ஒரசி தோலு உரிஞ்சிக்கும். வெள்ளையும் வாணாம், வேர்த்தா எல்லாம் தெரியும். பொம்பளைங்க வர்றாங்க."

ராஷ் கார்டு என்பது தோலோடு ஒட்டிக்கொள்ளும் முழுக்கைச் சட்டை. அசல் சரக்கு வேண்டுமென்றால் சென்னைக்குப் போக வேண்டும். அதன் விலைக்கு எங்கள் கடையில் ஒரு மூட்டை உரமே வாங்கலாம். பஜாரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன்.

"இன்னா வேணும் தம்பி?"

"டைட்டா... முழுக்கையா... இழுத்தா கிழியாததா..."

"யாருக்கு? லேடீஸா, ஜென்ட்ஸா?"

கடையில் நான்கு பெண்கள் இருந்தார்கள். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். கடைக்காரர் ஒரு கருநீல விளையாட்டுச் சட்டையை எடுத்துப் போட்டு, "இது தையல் ரெண்டு மடிப்பு, நாலு வருசம் வரும்" என்றார். அப்போதே வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. விலைச்சீட்டைப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக, முதலில் போட்டதை வேண்டாம் என்று தலையாட்டினேன். அடுத்து குளிர் பிரதேசத்துக்குப் போகிறவர்கள் உள்ளே போடும் முழுக்கைப் பனியன் வந்தது. பருத்தி, கெட்டி, மலிவு. தோலோடு ஒட்டியது. வெள்ளை என்பது மட்டும்தான் குறை.

அதற்கு என் நண்பன் சேகர் இருந்தான். காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பட்டறையில் வேலை பார்த்தான்.

"பட்டுக்கே புடிக்குது, உன் பனியனுக்குப் புடிக்காதா? குடு இங்க" என்று வாங்கிப் போனான். ஒரு முகூர்த்தப் புடவைக்குக் கலக்கியதில் மிச்சமிருந்த சாயத்தில் அதை முக்கி எடுத்து, காயவைத்துக் கொண்டுவந்தான். வாடாமல்லி நிறம். கண்ணைப் பறித்தது.

"நாலு தண்ணி அலசிட்டுப் போட்டுக்கோ" என்றான்.

ஒரு தண்ணீர் அலசினேன். வாளி முழுக்க வாடாமல்லி. இன்னும் மூன்று தண்ணீர் அலசினால் பழைய வெள்ளைக்கே வந்துவிடும் என்று தோன்றியது. நிறத்தைக் காப்பாற்ற வேண்டுமே! அலசுவதை அதோடு நிறுத்திவிட்டேன். (என் மூளை வேலை செய்த நாட்களில் அதுவும் ஒன்று.)

ஞாயிறு மாலை மண்டியில் கூட்டம். முன்வரிசையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் முருகேசன். பக்கத்தில் அவர் மகன் பாபு. எனக்கு எதிராளி சைக்கிள் கடை கோபி. எடையில் அவன் என்னைப்போல் ஒன்றரை ஆள். வெளிர் மஞ்சள் நிறத்தில் நல்ல ராஷ் கார்டும் அதே நிறத்தில் கால்சட்டையும் போட்டிருந்தான்.

ஆரம்பித்தவுடன் வேர்த்தது. வேர்த்தவுடன் பனியன் தன் வேலையைத் தொடங்கியது; சாயம் உள்ளங்கைவரை வழிந்தது. நான் கோபியின் தோளைப் பிடித்தேன், தோள் வாடாமல்லி. கழுத்தைப் பிடித்தேன், கழுத்து வாடாமல்லி. ஆனால் நான் பிடித்த இடங்கள் அந்த இரண்டுதான். அதற்குப் பிறகு அவன் என் நெஞ்சின்மேல் உட்கார்ந்துவிட்டான். நான் தரையைத் தட்டியதும் எழுந்து கூட்டத்துக்கு முதுகைக் காட்டினான்.

மண்டியே சிரிப்பில் அதிர்ந்தது. கூட்டத்திலிருந்து ஒரு குரல்:

"ஏ கோபி! இன்னாடா பின்னாடி குரங்கு மாரி செவந்துக்கீது?"

யார் யார்மேல் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சியே தேவையில்லை. அன்வர் பாய் தன் ரப்பர் பாயைப் பார்த்து, "டேய், இன்னாடா பேஜாரு பண்ணி வச்சிக்கிற!" என்று தலையில் கை வைத்தார்.

நான் எங்கே ஓடுவது என்று தெரியாமல் ரப்பர் பாயைவிட்டு இறங்கினேன். எதிரே முருகேசன் எழுந்து நின்றார். வெளியே போக எழுந்தாரா, ஏதாவது சொல்ல எழுந்தாரா, இன்றுவரை தெரியாது. எனக்குப் புத்தி கலங்கிவிட்டது. போட்டி முடிந்ததும் எதிரே நிற்பவரைக் கட்டிப்பிடிப்பதுதானே பழக்கம்? கட்டிப்பிடித்துவிட்டேன்.

இறுக்கமாக. வேர்வையோடு.

விலகியபோது அவர் நெஞ்சில் நான் இருந்தேன். பின்பக்கம் என் இரண்டு உள்ளங்கைகள், பத்து விரல்களோடு. அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பாபுவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். சம்பந்தம் முடிந்தது என்று அம்மா அழுதார்.

பஸ்ஸில் நடந்ததை நான் பின்னால் கேட்டதுதான். பாபு சொன்னது. ஏறியதும் கண்டக்டர் கேட்டாராம், "இன்னாண்ணா, முதுவுல யாரு கை?" பேச்சை முடிப்பதற்காக முருகேசன், "பொண்ணுக்குப் பாத்த மாப்ள கைப்பா" என்றிருக்கிறார். பின்னால் இருந்தவர், "முன்னாடி?" என்றிருக்கிறார். "அதுவும் மாப்ளதான்." ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்கள் புதிதாகக் கேட்க, அவர் மாகறல் வரை மாப்ள, மாப்ள என்றே பதில் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். இறங்கி வீட்டுக்குப் போவதற்குள், செல்விக்கு உத்திரமேரூரில் மாப்பிள்ளை நிச்சயமாகிவிட்டதென்று தெருவே பேசியிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா சர்க்கரை கேட்டு வந்து நின்றாராம்.

"இனிமே இல்லன்னு சொன்னா, எவன் கட்டிப்புடிச்சான்னு கேப்பானுங்க" என்று முருகேசன் வீட்டில் சொன்னாராம். செல்வி சட்டையை வாங்கிப் பின்பக்கக் கைத்தடத்தின்மேல் தன் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "சரி" என்றாளாம்.

பருத்தியில் பட்டுச் சாயம் நிற்காது. மாமனார் சட்டையிலிருந்து ஒரே அலசலில் போய்விட்டது. ஆனால் பட்டைப்போலத் தோலும் அதைப் பிடித்துக்கொள்ளும் என்று சேகரின் முதலாளி பிறகு சொன்னார். நானும் கோபியும் ஒரு வாரம் வாடாமல்லியாகத் திரிந்தோம். உரக்கடைக்கு வந்தவர்கள் என்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அது எந்தப் பயிருக்கு என்று கேட்டார்கள்.

கல்யாண மேடையில் நான் செல்வியின் கையைப் பிடித்தபோது, பாபு மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "அக்கா, பொடவைய தள்ளி வச்சிக்கோ!" என்றான். ஐயர்கூடச் சிரித்தார். இன்றைக்கும் அவர்கள் வீட்டு விசேஷங்களில் யாராவது புதுத்துணி பிரித்தால், எல்லாருடைய கண்ணும் முதலில் என் கைக்குத்தான் போகும்.

போன மாதம் என் மனைவி ஒரு பட்டுப்புடவை எடுத்தாள். கட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் கிட்டே போனேன்.

"அங்கியே நில்லுங்க" என்றாள். "அங்கேர்ந்தே பாத்து சொல்லுங்க, நல்லா கீதா?"

அங்கேயே நின்று சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.